கர்னல் வெளியே போன பிறகு

விஜயராணி ஆறு வருடம் உழைத்துச் செய்த சாஃப்ட்வேரின் மேல் யாரோ பூப்போட்ட மேஜை விரிப்பைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

திருச்சிக்கு வெளியே, புதுக்கோட்டை ரோட்டில் இருந்த ராணுவ வாகனப் பணிமனை அது. பழுதான லாரிகளும் ஜீப்புகளும் அங்கே வந்து சரியாகிப் போகும். எந்த வண்டிக்கு என்ன கோளாறு, எந்த ஸ்பேர் பார்ட் வேண்டும், அது எந்தக் கிடங்கில் இருக்கிறது என்பதை நாட்டின் எல்லாப் பணிமனைகளும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ராணுவம் கேட்டு வாங்கிய சாஃப்ட்வேர். நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் இருந்த கொள்ளிடம் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. விஜயராணி அங்கே புராஜெக்ட் மேனேஜர். ஒப்படைத்துப் பல மாதம் ஆகியிருந்தது. வேறு ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தவள், நம்முடையது எப்படி ஓடுகிறது பார்ப்போம் என்று ஆசைப்பட்டு, வாசலில் அனுமதி வாங்கி உள்ளே போய்ப் பார்த்தாள். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றின் மேலும் விரிப்பு. எதிர்ச் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் வண்டி நம்பர்களைச் சாக்பீஸால் எழுதியும் அழித்தும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

அங்கே நின்ற ஒரு சிப்பாயிடம் ஏன் இதை யாரும் தொடுவதில்லை என்று கேட்டாள். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"இதுல ஒரு வண்டியோட விவரத்தை ஏத்தி முடிக்கிறதுக்குள்ள, அங்க ரெண்டு வண்டியை ரிப்பேரே பண்ணி முடிச்சிடலாம் மேடம்."

அவள் வெளியே வந்து, புளியமர நிழலில் நின்றாள்.

அவளை யாரும் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. காகிதத்தின்படி எல்லாமே சரியாக நடந்திருந்தது. வேலை தொடங்கும் முன்பே தேவைகள் அத்தனையையும் எழுதி, தடித் தடியாக மூன்று தொகுதி போட்டு, எல்லா மேலதிகாரிகளிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அதன் பிறகு ஒரு வரியை மாற்றுவதானாலும் டெல்லி வரை போய் வர வேண்டும். தொகுதியில் இருந்ததை வரி பிசகாமல் செய்தார்கள். சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியது. சான்றிதழ் வந்த அன்று ஆபீஸில் பிரியாணி. ஆனால் அந்த ஆறு வருடத்தில் வண்டிகளே மாறிவிட்டன. புது மாடல் லாரிகள் வந்துவிட்டன, கிடங்குகள் இடம் மாறிவிட்டன, தொகுதியில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் ரிட்டயர் ஆகிவிட்டார்கள். நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவர்களுக்கு இது உதவுமா என்று நடுவில் ஒரு தடவைகூட யாரும் போய்க் கேட்கவில்லை. விஜயராணியும் கேட்கவில்லை. கேட்க வழி இல்லை என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மணப்பாறைக்குப் பக்கத்தில் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, திருச்சியில் இன்ஜினீயரிங் படித்து, மலைக்கோட்டை சின்னக்கடை வீதியில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஜெயக்குமாரைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தாள். மகள் யாழினி ப்ளஸ் டூ. அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு அபார்ட்மென்டின் மூன்றாவது மாடி வீடு. பால்கனியில் நின்றால் காவேரிப் பாலத்தில் போகும் பஸ்கள் தெரியும்.

அன்று சாயந்திரம் ஜெயக்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சென்னையில் ஒரு பேங்க் சாஃப்ட்வேர் கம்பெனி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. போய்விடலாமா என்று கேட்டாள். அவன் கடையிலிருந்து வந்த களைப்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"என்னால கடையை விட்டுட்டு வர முடியாது. நீ போயிட்டு வார வாரம் வந்தாலும் சரிதான். ஆனா அங்க போயும் இதையே நினைச்சுக்கிட்டு இருப்பியான்னு மட்டும் யோசிச்சுக்கோ."

அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே ராணுவம் அதே வேலைக்குப் புதிதாக டெண்டர் விட்டது. பழையதை மூடிவிட்டு வேறு ஒன்று வேண்டுமாம். இந்த முறை டெண்டரின் நடுவில் ஒரு பத்தி புதிதாக இருந்தது. வேலையைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து, பயன்படுத்துகிறவர்களுக்கு அவ்வப்போது காட்டி, அவர்கள் சொல்வதற்கேற்ப மாற்றிக்கொண்டு போகலாம் என்று அதில் எழுதியிருந்தது. கடைகளுக்கும் வங்கிகளுக்கும் சாஃப்ட்வேர் செய்கிறவர்கள் வெகு காலமாக அப்படித்தான் செய்கிறார்கள். அதற்கு அஜைல் என்று பெயர். அவளும் அதைப் படித்திருந்தாள், வகுப்புகூட எடுத்திருந்தாள். ராணுவம் மாதிரி இடத்தில் அது நடக்கும் என்று மட்டும் நினைத்ததில்லை. சென்னைக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டு, அந்த டெண்டருக்கு எழுத உட்கார்ந்தாள்.

கொள்ளிடம் சிஸ்டம்ஸுக்கே அந்த வேலை மறுபடியும் கிடைத்தது. ராணுவத்தின் பக்கம் பொறுப்பு கர்னல் பீமராவுக்கு. தலைமுறை தலைமுறையாகத் திருச்சி உறையூரில் வாழும் மராட்டியக் குடும்பம் அவருடையது. பணிமனைக்கும் அவர்தான் தலைவர். தமிழில்தான் பேசுவார். முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னார். "அந்தப் பத்தியை நான்தான் சண்டை போட்டுச் சேர்க்க வெச்சேன். எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் கூட்டத்திலேயே நிதிப் பிரிவு அதிகாரி ஹரிஹரசுதன் தடுத்து நிறுத்தினார். ஓய்வு பெற இரண்டே வருடம் பாக்கி இருந்த, எதையும் இரண்டு தடவை படித்துவிட்டே பேசுகிற மனிதர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என்ன வாங்குகிறோம் என்றே முழுதாக எழுதாமல் அரசாங்கம் எப்படி ஒரு பொருளை வாங்க முடியும்? நாளைக்கு ஆடிட்டில் கேட்டால், போகப் போகத் தெரிந்துகொள்வோம் என்று இருந்தோம் என்றா சொல்வது?

விஜயராணி அன்று, பதில் தெரியவில்லை என்றே சொல்லிவிட்டு ஒரு வாரம் டைம் கேட்டாள். அந்த வாரம் முழுக்க நவல்பட்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்தாள். மறு கூட்டத்தில் அவள் ஹரிஹரசுதனின் பயத்தைத் தள்ளிவிடப் பார்க்கவில்லை, அதையே பிடித்துக்கொண்டு பேசினாள்.

"போன தடவை நடுவுல சரியில்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும் உங்களால நிறுத்தியிருக்க முடியாது சார். நிறுத்தினா கையில ஒண்ணுமே இருந்திருக்காது, எல்லாம் பாதியில நிக்கும். இப்ப நாங்க கேக்கறது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நீங்க நிறுத்தற உரிமையை. எந்த ஆறாம் மாசம் நிறுத்தினாலும், அது வரைக்கும் செஞ்சது முழுசா ஓடுற நிலையில இருக்கும். எதுக்காக வாங்கறோம்கிறதை இப்பவே எழுதிடலாம். ஒரு வண்டி பணிமனையில கிடக்கிற காலம் குறையணும், அவ்வளவுதான். எப்படிங்கறதை மட்டும் திறந்து வைப்போம்."

ஹரிஹரசுதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறுத்தும் உரிமையை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதித் தரச் சொன்னார். அவரே உட்கார்ந்து அந்த வாசகத்தைத் திருத்தியும் கொடுத்தார்.

வேலை தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அது வரை முடிந்ததைப் பணிமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுவது என்று ஏற்பாடு. பணிமனைக்குள் செல்போன் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. வாசலில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அனுமதி வாங்கிய கம்ப்யூட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். விஜயராணியும் அவளுடைய டீமின் மூத்த புரோகிராமர் சர்ஃபராஸும் போவார்கள். பணிமனையின் சிறிய ஹாலில் முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் வரிசையில் கர்னல்.

முதல் டெமோவில் எல்லோரும் தலையாட்டினார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் விஜயராணி தோண்டித் தோண்டிக் கேட்டாள். இந்த ஸ்கிரீன் கஷ்டமாக இல்லையா, இந்த எழுத்து சின்னதாக இல்லையா? இல்லை மேடம், சரியாக இருக்கிறது மேடம். கர்னலுக்கு மகிழ்ச்சி. சர்ஃபராஸுக்கும்தான். ஐ.டி. பார்க்குக்குத் திரும்பும் வழியில் இப்படி ஒரு கஸ்டமர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

அவளால் மட்டும் அந்த மகிழ்ச்சியில் சேர்ந்துகொள்ள முடியவில்லை. பழைய சாஃப்ட்வேரையும் யாரும் ஒரு குறை சொல்லவில்லையே. இந்த மனிதர்கள் தலையாட்டியதைப் பார்த்தபோது, திரும்பவும் அதே குழிக்குள்தான், இந்த முறை மூன்று மூன்று வாரமாக இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. கர்னல் ஆசைப்பட்டு வாங்கும் பொருளை அவர் முகத்துக்கு எதிரே யார் சரியில்லை என்று சொல்வார்கள்?

இதை அவரிடமே சொல்ல வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சொற்களைத் தேடினாள். வீட்டில் யாழினியிடம் சொல்லிப் பார்த்தாள். "நீங்க இருந்தா யாரும் பேச மாட்டேங்கிறாங்கன்னு சொல்லிடும்மா, அதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று அவள் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே சொன்னாள்.

கடைசியில் கர்னலின் அறைக்குப் போய் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். அவர் முகம் இறுகிவிட்டது.

"என் ஆளுங்க எனக்குப் பயப்படறாங்கன்னு சொல்றீங்க."

"மரியாதைன்னு வெச்சுக்கோங்க சார். எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உண்மை எங்க காதுக்கு வந்து சேர மாட்டேங்குது."

அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அவள் தப்புச் செய்துவிட்டோமோ என்று எழுந்து வந்தாள். கம்பெனி முதலாளி சுரேஷ்குமாருக்குப் புகார் போகும் என்று இரண்டு வாரம் எதிர்பார்த்தாள். எதுவும் போகவில்லை.

நான்காவது டெமோ அன்று கர்னல் வந்தார். எல்லோரையும் உட்காரச் சொன்னார். ஷெட்டில் ஒரு வண்டியைப் பார்க்க வேண்டும், நீங்கள் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். போகும்போது கதவை அவரே சாத்திக்கொண்டு போனார்.

அப்போதும் யாரும் பேசிவிடவில்லை. விஜயராணி பேச்சை விட்டுவிட்டாள். கம்ப்யூட்டரை ஹாலின் நடுவில் மேஜையில் வைத்து, அன்று காலையில் உண்மையாகவே வந்த ஒரு லாரியை இதில் ஏற்றிக் காட்டும்படி கேட்டாள். தானும் சர்ஃபராஸும் வாயே திறக்க மாட்டோம் என்றாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஹவில்தார் மூக்கன் எழுந்து வந்தார். துறையூர்ப் பக்கத்துக்காரர், இருபது வருட சர்வீஸ், இன்ஜின் மெக்கானிக்.

வண்டி நம்பரைப் போட்டார். கோளாறு என்ன என்று போட்டார். அடுத்து ஸ்கிரீன், மாற்ற வேண்டிய பார்ட்டின் நம்பரைக் கேட்டது. மூக்கன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. ஒரு நம்பரை மனப்பாடமாகத் தட்டிவிட்டு அடுத்த ஸ்கிரீனுக்குப் போய்விட்டார்.

சர்ஃபராஸ் பேசாமல் இருப்பதாகச் சொன்னதை மறந்து, இன்ஜினை இன்னும் திறக்கவே இல்லையே, பார்ட் எது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டுவிட்டான்.

ஹாலில் பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மூக்கன் கதவைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது.

"தெரியாது சார். திறந்தாத்தான் தெரியும். ஆனா நம்பர் போடலைன்னா வண்டியை உள்ள எடுக்கவே விடாது. பழசுல, ஆரம்பத்துல ஓட்டினப்பவும் இப்படித்தான். அதனால எல்லாரும் ஃபேன் பெல்ட் நம்பரைப் போட்டுட்டுப் போயிடுவோம். அது எல்லா வண்டிக்கும் உண்டு, தப்புன்னு சொல்லாது."

"எல்லாருமா?"

"எல்லாப் பணிமனையிலயும்தான் மேடம். இந்த நம்பரை எனக்குச் சொல்லிக் குடுத்தவரே அசாம்லேர்ந்து மாத்தலாகி வந்தவரு."

விஜயராணி மெதுவாக உட்கார்ந்தாள். தலைமைக் கிடங்கில் இடம் போதாமல் ஃபேன் பெல்ட் குவிந்து கிடக்கிறது, யார் இவ்வளவு கேட்டார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்று கர்னல் ஒரு முறை அலுத்துக்கொண்டது அவளுக்குத் தெரியும். அந்த ஸ்கிரீனை முதன்முதலில் செய்தவளும் அவள்தான். பார்ட் நம்பர் இல்லாமல் அடுத்த பக்கம் போகக் கூடாது என்று தொகுதியில் ஒரு வரி இருந்தது, அதை அப்படியே செய்தாள். புதிய சாஃப்ட்வேரிலும் யோசிக்காமல் அதே விதியைக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதை மீறிக்கொண்டு சந்தோஷமும் வந்தது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு ஹால் திறந்துகொண்டது. தமிழிலும் இந்தியிலும் மலையாளத்திலும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கிரீஸ் கையோடு சின்னப் பட்டனைத் தொட முடியவில்லை. வண்டியைப் பாதியில் இன்னொரு ஷிப்டுக்கு ஒப்படைக்க வழி இல்லை. கேட்ட எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் படியையே எடுத்துவிடுங்கள் என்று சிலர் கேட்டபோது, பிரேக் சம்பந்தப்பட்ட வேலையில் அதை எடுக்க முடியாது என்று விஜயராணி பிடிவாதமாக மறுத்தாள். கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. கடைசியில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அது இருக்கட்டும், சீட் உறை மாற்றுவதற்கெல்லாம் வேண்டாம் என்று முடிவானது.

ஆனால் அவள் வாசலுக்கு வந்ததும் மூக்கன் பின்னாலேயே வந்தார். முகத்தில் இருந்த தெளிவு போயிருந்தது. ராணுவப் பதிவில் பொய் நம்பர் எழுதுவது சாதாரணக் குற்றம் இல்லை. தன்னோடு போனால் பரவாயில்லை, மற்றவர்கள் மேலும் விசாரணை வந்துவிடும் என்று அவர் மெல்லச் சொன்னார். விஜயராணி தைரியம் சொல்லிவிட்டு நேராகக் கர்னலின் அறைக்குப் போனாள். மறைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மறைத்தால் புதிய சாஃப்ட்வேரிலும் பெல்ட் குவிந்துகொண்டே இருக்கும். யார் சொன்னது என்று மட்டும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

"சார், கிடங்குல இருக்கிற ஃபேன் பெல்ட்டை யாரு கேட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நான்தான் கேட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் விதியைச் சொன்னாள், அது எப்படி ஆட்களை ஒரு நம்பருக்குள் தள்ளியது என்பதையும் சொன்னாள். தெரியாத பதிலைக் கட்டாயப்படுத்திக் கேட்டால் பொய்தான் வரும், கேட்டது தன்னுடைய ஸ்கிரீன் என்றாள். கர்னல் திரும்பி ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தார். யார், எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை.

"ஆறு மாசம் இதுக்கு விசாரணை நடத்தினேன்" என்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "இதுல விசாரிக்க ஒண்ணுமில்ல. ஸ்கிரீனை மாத்துங்க."

மறுநாள் காலை அணிவகுப்பில் அவர் எல்லோரிடமும் பேசினார். சாஃப்ட்வேரில் தான் கண்ட குறையைச் சொல்கிறவர் மேல் எந்த நடவடிக்கையும் வராது, சொல்லாமல் இருப்பதுதான் தனக்குப் பிடிக்காது என்றார். அடுத்த டெமோவில் பட்டனெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. பார்ட் நம்பர் இல்லாமலே வண்டியை உள்ளே எடுக்க முடிந்தது. தாங்கள் சொன்னது மூன்றே வாரத்தில் கண் முன்னால் மாறியிருப்பதைப் பார்த்ததும், அது வரை வாயே திறக்காதவர்களும் பேசினார்கள்.

அடுத்த முட்டுக்கட்டை பாதுகாப்புச் சோதனையில் வந்தது. ராணுவத்தில் எந்த சாஃப்ட்வேரும் தனியாக ஒரு அரசாங்கச் சோதனைக்கூடத்தில் தேறிய பிறகுதான் உண்மையான வேலைக்கு வரலாம். அதற்கு நான்கைந்து மாதம் ஆகும். மூன்று வாரத்தில் செய்ததை ஐந்து மாதம் அலமாரியில் வைத்திருந்தால் அஜைல் என்ற பேச்சுக்கே அர்த்தம் இல்லை. சோதனைக்கூடத்தின் அதிகாரி டெல்பின் கறாரானவர். திருச்சி பாலக்கரைக்காரர், வேலை பெங்களூரில். எங்கள் டீமோடு வந்து உட்காருங்கள் என்று விஜயராணி கேட்டதற்கு ஒரேயடியாக மறுத்துவிட்டார். சோதிக்கிறவர் செய்கிறவரோடு ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தால் சோதனை சோதனையாக இருக்காது என்றார். அது சரிதான் என்று விஜயராணியும் ஒப்புக்கொண்டாள். பல முறை பேசிய பிறகு ஒரு வழி பிறந்தது. முழுவதையும் கடைசியில் கொட்டாமல், ஒவ்வொரு மூன்று வாரமும் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது. டெல்பின் தனியாகவே சோதிப்பார், ஆனால் அப்போதைக்கப்போது. முதல் முறை அவர் கண்டுபிடித்த ஓட்டைகளைப் பார்த்து சர்ஃபராஸுக்கு முகம் விழுந்துவிட்டது. நான்காவது முறை ஒன்றிரண்டுதான் வந்தன. அவனே அவருக்கு முன்னால் அவற்றைத் தேடக் கற்றுக்கொண்டிருந்தான்.

ஆறாவது மாதம் வந்தது. ஹரிஹரசுதன் நேராகப் பணிமனைக்கே வந்து, கரும்பலகை பக்கம் ஒரு நாற்காலி போட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தார். பலகை காலியாக இருந்தது, வண்டி நம்பர்கள் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தன. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது அடுத்த ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆடி மாதக் கடைசியில் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் வெள்ளம் கரை புரண்டது. ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் படித்துறையைப் போலீஸ் மூடிவிட்டது. பால்கனியிலிருந்து பார்த்தால் பாலத்துக்குக் கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. ஆற்றங்கரைக் கிராமங்களிலிருந்து ஆட்களை மீட்க மாவட்ட நிர்வாகம் ராணுவத்திடம் லாரிகளும் படகுகளும் கேட்டது. பணிமனையில் எந்த வண்டி ஓடும், எது ஓடாது, எதற்கு ஒரு டயர் மாற்றினால் போதும் என்று உடனே தெரிய வேண்டியிருந்தது.

சாஃப்ட்வேரில் அதுவரை மூன்று வேலைகள்தான் முடிந்திருந்தன. வண்டியை உள்ளே எடுப்பது, அதன் நிலையைக் காட்டுவது, பார்ட் கேட்பது. மற்றவை இன்னும் தொடங்கவே இல்லை. அந்த மூன்றும் அன்று போதுமானதாக இருந்தது. கர்னல் மேஜையில் இருந்தபடியே வண்டிகளைப் பிரித்து அனுப்பினார். டயருக்காகக் காத்திருந்த நான்கு லாரிகளை மூக்கனின் ஆட்கள் மதியத்துக்குள் தயார் செய்தார்கள். சமயபுரத்துக்கு முன்னால் ஆற்றோரம் சிக்கியிருந்த ஒரு தெரு முழுவதையும் சாயந்திரத்துக்குள் பத்திரமாகக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

எல்லாமே சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. மழையில் பணிமனைக்குள் இருந்த கேபிள் ஒன்று போய், திரும்ப வந்தபோது ஒரே லாரியை சாஃப்ட்வேர் இரண்டாகக் காட்டியது. இல்லாத வண்டியை நம்பி ஒரு படகு ஒரு மணி நேரம் ரோட்டோரம் காத்துக்கிடந்தது. யாருக்கும் ஆபத்து ஏற்படவில்லை. விஷயம் தெரிந்ததும் விஜயராணி காத்திருக்கவில்லை. அவளே கர்னலுக்குப் போன் செய்து, தவறு எங்களுடையது, எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை என்றாள்.

"கண்டுபிடிச்சிட்டுச் சொல்லுங்க. இப்ப அதை நாங்க கையால பாத்துக்கறோம்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை.

சர்ஃபராஸ் மறுநாளே கண்டுபிடித்தான். திருத்தி, டெல்பினுக்கு அனுப்பி, அவர் சோதித்து, எட்டாம் நாளே புதியது பணிமனைக்குப் போய்விட்டது. பழைய புராஜெக்டில் இதே மாதிரி ஒரு திருத்தத்துக்கு அவள் காத்திருந்தது ஒன்றரை வருடம். ஹரிஹரசுதன் தன் அறிக்கையில் வெள்ளத்தன்று சாஃப்ட்வேர் உதவியதைப் பற்றி ஒரு வரிதான் எழுதினார். தவறு நடந்து எட்டு நாளில் சரியானதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் டெல்லியில் இதை மற்றப் பணிமனைகளுக்கும் கொண்டுபோக ஒப்புக்கொண்டார்கள் என்று கர்னல் பிறகு சொன்னார்.

அடுத்தது ராஜஸ்தானில் ஒரு பணிமனை. அங்கே மழை கிடையாது, மணல்தான். வண்டிகளும் வேறு, அவற்றின் கோளாறுகளும் வேறு. திருச்சியில் சரியாக ஓடியது அங்கே அப்படியே ஓடும் என்று விஜயராணி நம்பவில்லை. முதல் இரண்டு மாதம் தானே அங்கே போய் இருப்பதாகச் சொல்லிவிட்டாள். யாழினி கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். ஜெயக்குமார் கடையில் தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் நேரம், ஆனாலும் அவன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. தெப்பக்குளத்துப் பக்கம் போய் அவளுக்கு ஒரு நல்ல கம்பளிச் சால்வை வாங்கி வந்தான். அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று கடைக்காரரிடம் விசாரித்ததையும் சொன்னான்.

தினமும் பஸ்ஸில் சர்ஃபராஸ் அவளுக்கு இந்தி சொல்லிக்கொடுத்தான். பணிமனை ஆட்கள் பேசும் இந்தி அவனுக்கே பாதிதான் தெரியும். காவேரிப் பாலம் தாண்டும்வரை இருவரும் தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டு போவார்கள். முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "இதுல உங்களுக்கு என்ன கஷ்டமா இருக்கு" என்ற ஒரு கேள்வியை மட்டும் அவள் தடுமாறாமல் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். பதில் புரிவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். பரவாயில்லை, அதற்குள் யாராவது வண்டிக்கு அடியிலிருந்து கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சி ஜங்ஷனில் ஜெயக்குமார் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து நின்றான். வண்டி நகர்ந்தது.

"போயிட்டு வரேங்க" என்றாள்.